கையை எடுங்க மாஸ்டர்

எனக்கு முந்தி அந்த ஹோட்டலில் மேனேஜராக இருந்தவர், சமையல் மாஸ்டர் பிடித்துத் தள்ளியதில் விறகுக் குவியல்மேல் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து போனவர். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்று சாப்பிட வந்தவர் ஒருவர் சொன்னதை அடுக்களைக்குள் போய் அப்படியே ஒப்பித்திருக்கிறார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் ஊருக்குப் போன மறுநாள், முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது தென்காசியில் முதலாளியின் பலசரக்குக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதலாளிக்குக் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலும் இருந்தது. வருஷத்தில் பெரும்பகுதி ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த இடம் சாரல் தொடங்கி அருவி விழுந்ததும் கல்யாண வீடாகிவிடும். ஈரத் தலையும் நடுங்கும் தாடையுமாக வந்து உட்காருகிறவர்களுக்குப் பசி கண்ணை மறைக்கும். இலை போடத் தாமதமானால் மேஜையைத் தட்டுவார்கள். இன்னும் தாமதமானால் தம்ளர் பறக்கும்.

"அடுக்களையில மாஸ்டர் இருக்காரு. அவரை மட்டும் கொஞ்சம் அனுசரிச்சுப் போவும். மத்ததெல்லாம் தன்னால நடக்கும்," என்றார் முதலாளி. அவரும் கை நீட்டுகிறவர்தான். கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் அவருடைய வலது பக்கம் நிற்கமாட்டார்கள். கணக்கு எழுதுகிறவன் என்பதாலோ என்னவோ, என்னை அவர் அதுவரை தொட்டதில்லை.

மாஸ்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். குட்டையான ஆள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தோளிலிருந்து நேராகத் தலைதான். முன்கையில் முடியெல்லாம் அடுப்பில் பொசுங்கி வழவழவென்று இருக்கும். அவர் வைக்கிற வத்தக்குழம்பைத் தேடி செங்கோட்டையிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கையில் எப்போதும் நீளமான இரும்புக் கரண்டி ஒன்று இருக்கும். குழம்பைக் கிளறுவதும் அதனால்தான், ஆளை அடிப்பதும் அதனால்தான்.

நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பார்த்தேன். காய் நறுக்குகிற ஆள் வெங்காயத்தைக் கொஞ்சம் பெரிதாக நறுக்கிவிட்டார். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அந்த ஆளின் விரல் முட்டிகளில் இறக்கினார். தோல் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நறுக்கின வெங்காயத்தில் ரத்தம் சொட்டியது. ரத்தம் பட்ட வெங்காயத்தைத் தனியே ஒதுக்கிக் கொட்டச் சொன்னார் மாஸ்டர். சமையல் விஷயத்தில் அவர் அவ்வளவு சுத்தம். அடிபட்டவர் முட்டியில் மஞ்சளை அப்பிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் யாரும் தலை தூக்கவில்லை. நானும் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன்.

சப்ளையர் ஒருவன் இருந்தான். பண்பொழிப் பக்கத்துக்காரன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயது. பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவன் அவன்தான். ஒருநாள் காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றான். மாஸ்டரின் கரண்டி பட்ட மணிக்கட்டு வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, வாளியைத் தூக்க முடியலை. மாஸ்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

ஒரு வார்த்தைதானே என்று அன்று மத்தியானப் பந்தி முடிந்ததும் அடுக்களைக்குள் போனேன். மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அங்கேயே பாத்திரம் கழுவிக்கொண்டும் தரையைக் கூட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

"இன்னைக்கு வத்தக்குழம்பு பிரமாதம் மாஸ்டர். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க."

"ம்."

"உங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும். முதலாளியும் சொல்லிக்கிட்டே இருக்காரு."

"ம்."

"ஆனா, ஆளுங்க கொஞ்சம் மனசு வருத்தப்படுதாங்க. நீங்க கொஞ்சம் பாத்து..."

மாஸ்டர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "எவன்?" என்றார்.

நான் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் என் கண் ஒரு நொடி அந்தச் சப்ளையர் பக்கம் போய்விட்டு வந்தது. மாஸ்டர் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, "சரி வே, பாத்துக்கிடுவோம்," என்று சிரித்தார். நல்லபடியாகச் சொல்லி முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. அடுக்களை வாசலில் நின்று வாளிகளை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெரிய அண்டாவில் சோறு வடித்து, கஞ்சியை ஒரு தவலையில் பிடித்து வைத்திருந்தார்கள். சப்ளையர் காலி வாளியோடு உள்ளே வந்து குனிந்தான். மாஸ்டர் அந்தத் தவலையைத் துணி போட்டு இரண்டு கையாலும் தூக்கி, நிதானமாக, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல அவன் முதுகில் ஊற்றினார்.

அவன் போட்ட சத்தம் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யாரோ பதற்றத்தில் சட்டையைப் பிடித்து உரிக்க, தோலும் சேர்ந்து வந்தது. அருவிக்கு வந்திருந்த ஒருவர் தன் காரில் எங்களை ஏற்றித் தென்காசி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்க அவன் என் மடியில் குப்புறக் கிடந்தான். பல்லால் என் வேட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். மேலகரம் தாண்டுவதற்குள் வேட்டி கிழிந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிடுதேன். ஆனா சீசன் நேரத்துல மாஸ்டரை விட்டுட்டு எங்கன போய் ஆளைத் தேட? நீருதான மேனேஜரு. நீரே பக்குவமாச் சொல்லும்வே."

"சொன்னேன் முதலாளி. சொன்னதுனாலதான் இப்படி ஆச்சு."

"அப்போ சொல்லத் தெரியலைன்னு அர்த்தம்," என்றார்.

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மையும்கூட.

நாங்கள் குடியிருந்த வளவில் சுவருக்குச் சுவர் ஒட்டினாற்போல வரிசையாக வீடுகள். நான் போனபோது என் மனைவி துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கிழிந்த வேட்டியையும் அதிலிருந்த கறையையும் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"மாஸ்டர்கிட்ட என்ன சொன்னீய? அப்படியே சொல்லுங்க," என்றாள்.

வத்தக்குழம்பிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன்.

"இதுல அடிக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

அவளுக்குச் சொந்த ஊர் கீழப்பாவூர். அவளுடைய அப்பாவை நான் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். எண்ணெய் வியாபாரி, கோபக்காரர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"நான் மாஸ்டர். இங்கன முக்காலியில இருக்கேன். நீங்க வாசல்லேர்ந்து வந்து சொல்லுங்க," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன வே இளிக்கீரு?"

அது அவள் குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த ஆண் குரல். கண்ணும் மாறியிருந்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வாசலுக்குப் போய்த் திரும்பி வந்து, "மாஸ்டர், உங்க சமையல்..." என்று தொடங்கினேன்.

"சமையல் நல்லாருக்குன்னா சோலி முடிஞ்சு போச்சுல்லா. போம்."

மறுபடி வாசலுக்குப் போனேன். இந்தத் தடவை, "எல்லாரும் என்ன சொல்லுதாங்கன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாரும்னா? எந்த சவத்து மூதி சொன்னான்? பேரைச் சொல்லும்."

மூன்றாவது தடவை, பாவம் அவனுக்குத் தாயார் ஒருத்தி இருக்கிறாள், இனிமேல் கல்யாணம் ஆகவேண்டியவன் என்றெல்லாம் கெஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டே போனேன். அவள் முக்காலியைவிட்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்தாள். அது என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி, காரை பெயர்ந்து விழுந்தது. செம்பு நசுங்கித் தரையில் உருண்டது.

நான் உறைந்துபோய் நின்றேன். அவளும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா இப்படித்தான் எறிவாரு," என்றாள். "அம்மா கெஞ்சிக்கிட்டே இருப்பா. சொல்லாத சமாதானம் கிடையாது. பேச்சு நீள நீள அவருக்கு அடிக்கதுக்குக் காரணம் கூடிக்கிட்டே போகும். அவ சொன்னதுல இருந்தே ஒண்ணை எடுத்து, அதுக்காக அடிப்பாரு. ஒரு தடவை தலைமுடியைப் பிடிச்சு செக்குக்கட்டையில மோதினாரு. அதுல இருந்து அம்மாவுக்கு ஒரு கண்ணு மங்கல்."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை.

"ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. சத்தம் போடும்போது பயப்படாதீய. சத்தம் போடுதவனுக்கு மூச்சு அதுலயே போயிரும். சத்தம் கொறையும் பாத்தீங்களா, அப்பந்தான் அடி வரும். அப்பா சிரிச்சுக்கிட்டே வேட்டியை மடிச்சுக் கட்டுவாரு. நாங்க பிள்ளைங்க எல்லாம் அதைப் பாத்ததும் கட்டிலுக்கு அடியில போயிருவோம்."

அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து சொல்லவேண்டியதைச் சுருக்கினோம். நான் ஒரு வார்த்தை சேர்ப்பேன், அவள் அதை எடுத்துவிடுவாள். 'தயவுசெய்து' போயிற்று. 'மனசு வருத்தம்' போயிற்று. முதலாளியின் பெயரும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: நீங்க கஞ்சியை ஊத்தினதை நான் பாத்தேன். இனி இந்த அடுக்களையில யார் மேலயும் கை வைக்கக் கூடாது. வச்சா அன்னைக்கே நீங்க வெளிய போகணும்.

"ஹோட்டல் மாடியில தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. நாலு பேரு பாக்க அவரு தோக்கமாட்டாரு. பெஞ்சுல உக்காரவச்சுச் சொல்லுங்க. கையில சூடா எதுவும் குடுத்துராதீங்க, காப்பிகூட வேண்டாம்," என்றாள்.

மறுபடி அவள் மாஸ்டர் ஆனாள், நான் வாசலிலிருந்து வந்தேன். என் குரல் உடைந்தால் திரும்பவும் வாசலுக்கு அனுப்பினாள். அவள் கத்தக் கத்த நான் அதையே சொன்னேன். இந்தக் கூத்தில் பக்கத்து வீட்டுக்காரி கதவை இடித்துத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த மனுசனை உள்ள போட்டு இந்த அடி அடிக்காளே, நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கீயளே," என்று எனக்காகப் பரிந்து பேசினாள். நசுங்கின செம்பையும் பெயர்ந்த சுவரையும் பார்த்துவிட்டு, என் மனைவி புருஷனை அடிக்கிறவள் என்று அவள் வளவு முழுக்கப் பரப்பின செய்தி இன்றுவரை மாறவில்லை.

இரண்டு நாள் கழித்து மலையில் பேய்மழை. காலையில் நான் குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இரைச்சல் வேறு மாதிரி கேட்டது. அருவி வெள்ளையாக இல்லை. செம்மண் குழம்பாகக் கொட்டியது. நடுவில் மரக்கிளைகளும் கற்களும் விழுந்துகொண்டிருந்தன. போலீஸ்காரர்கள் விசில் ஊதி லத்தியால் ஜனங்களை விரட்டினார்கள். முன்னெச்சரிக்கை இல்லாமல் உள்ளே நின்றுவிட்ட ஒருவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து ஓடினார்கள். தலையில் கல் விழுந்திருந்தது. தொங்கின கையிலிருந்து தண்ணீரும் ரத்தமும் ஒழுகிப் பாதை நெடுகச் சொட்டியது.

ஹோட்டலில் ஈ காக்கை இல்லை. வேலையாட்கள் எல்லோரும் வெள்ளம் பார்க்கப் போய்விட்டார்கள். அடுக்களையில் மாஸ்டர் மட்டும் மணையில் உட்கார்ந்து சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"மாஸ்டர், மாடிக்கு வாங்க, கொஞ்சம் பேசணும்."

"சோலி கிடக்கு. இங்கனயே சொல்லும்."

மாடி போயிற்று. பெஞ்சு போயிற்று. சூடான தண்ணீர் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது, கையில் அரையடிக் கத்தி. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் நகர்ந்தே விட்டது.

"கத்தியைக் கீழ வையுங்க, பேசணும்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கத்தியைச் சேனைக்கிழங்கில் கைப்பிடிவரை குத்தி இறக்கிவிட்டு நிமிர்ந்தார். நான் சொல்லிப் பழகினதைச் சொன்னேன். குரல் முதல் வார்த்தையில் நடுங்கியது, மூன்றாவதில் நடுக்கம் நின்றுவிட்டது.

மாஸ்டர் கத்தத் தொடங்கினார். என் தாயை இழுத்தார், தாத்தாவை இழுத்தார். மளிகைக் கடையில் பருப்பு எண்ணிக்கொண்டிருந்த நாயி என்றார். அவர் கால்பட்டுத் தவலை ஒன்று உருண்டு வாசல்வரை போனது. அருவி இரைச்சலுக்கு மேலாக அவர் கத்தினார். நான் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தல் நின்றதும் அதையே இரண்டாம் தடவை சொன்னேன்.

அப்போது அவர் சத்தம் இறங்கிற்று.

"நீரு சொல்லுதீரு," என்றார் மெதுவாக. உதட்டில் சிரிப்பு வந்தது. குனிந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

தெரிந்திருந்தும் என்னால் நகர முடியவில்லை. அவருடைய கை என் கழுத்தைப் பிடித்தது. முதுகு சுவரில் மோதியது. அடுப்பின் அனல் கெண்டைக்காலில் எரிந்தது. அந்தப் பிடியில் பாதிக் காற்றுதான் உள்ளே போயிற்று. திருப்பி அடிக்க எனக்குக் கை வரவில்லை, வந்திருந்தாலும் பயனில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது வீட்டில் பழகாத ஒன்று.

"கையை எடுங்க மாஸ்டர். எடுத்த பிறகு மிச்சத்தைச் சொல்லுதேன்."

கரகரவென்று எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். என்ன நினைத்தாரோ, அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கை தளர்ந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"மிச்சம் என்ன?" என்றார்.

மிச்சம் என்று எதுவும் என்னிடம் இல்லை. மூச்சு திரும்பும்வரை யோசித்தேன்.

"யாரு தப்பு செஞ்சாலும் என்கிட்ட சொல்லுங்க. நான் பேசுதேன். உங்க சோலி சமைக்கது."

"நீரு பேசுவீரு. இப்பம் பேசுன மாதிரியா?"

"ஆமா."

"கை வைக்காம எப்படிவே வேலை வாங்குவீரு? எங்கனயாவது பாத்திருக்கீரா?"

"பாத்ததில்லை மாஸ்டர். செஞ்சு பாப்போம்."

அவர் சேனைக்கிழங்கிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். உட்கார்ந்து மறுபடி நறுக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்து பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் மாஸ்டர் யாரையும் தொடவில்லை. கோபம் வந்தால் பாத்திரத்தை உதைப்பார், தேங்காயைச் சுவரில் அடித்து உடைப்பார். ஒருநாள் உப்பு ஜாடியைத் தலைக்குமேல் தூக்கியவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டு உடைத்தார். பிறகு, "இவன்கிட்ட பேசும்," என்று ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினார். பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். காலையில் தாமதமாக வருகிற அந்த ஆள் மறுநாளும் தாமதமாகத்தான் வந்தார். ஆனால் என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்.

ஆடி அமாவாசை அன்று எல்லாம் உடைந்தது. தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த கூட்டம் காலையிலிருந்தே கட்டுக்கடங்கவில்லை. எச்சில் இலை எடுக்கிற வயதான ஆள் ஒருவர் அடுக்களை வாசலில் மாஸ்டர்மேல் இடித்துவிட்டார். குழம்பு சிந்தியது. இரும்புக் கரண்டி அவர் வாயில் இறங்கிற்று. நான் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையில் இரண்டு பல்லை ஏந்திக்கொண்டிருந்தார். தாடை தொங்கிவிட்டது. ரத்தம் நெஞ்செல்லாம் வழிந்தது.

அடுப்படியில் எல்லாக் கையும் நின்றிருந்தது. வெளியே மேஜையைத் தட்டுகிற சத்தம். இன்னும் ஒரு பந்திக்குத்தான் சோறு இருந்தது. முதலாளி, கூட்டம், வியாபாரம் எல்லாம் எனக்கு நினைவில் வந்தது. வராமல் இருந்தது என்று சொன்னால் பொய்.

"மாஸ்டர், கரண்டியை வச்சிட்டுக் கிளம்புங்க," என்றேன்.

"இந்தப் பந்தி முடியட்டும்வே."

"இப்பவே."

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கொதித்துக்கொண்டிருந்த சாம்பார் அண்டாவைக் காலால் எட்டி உதைத்தார். அது கவிழ்ந்து அடுக்களை முழுக்க ஆவியோடு ஓடியது. ஆட்கள் மணைமேலும் மூட்டைமேலும் தாவினார்கள். என் பாதம் வெந்துபோயிற்று. மாஸ்டர் அந்தச் சாம்பாரிலேயே வெறுங்காலால் நடந்து பின்வாசல் வழியாகப் போனார்.

கூடத்தில் விஷயம் தெரிந்ததும் கலவரம். காசு கொடுத்து டோக்கன் வாங்கியவர்கள் நாற்காலியைத் தூக்கி அடித்தார்கள். மிட்டாய் வைத்திருந்த கண்ணாடி அலமாரி நொறுங்கியது. என் சட்டையை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். தென்காசியிலிருந்து முதலாளி வந்தபோது நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் எதையும் விசாரிக்கவில்லை. "ஏலே, யாரைக் கேட்டு அனுப்புன?" என்று கன்னத்தில் அறைந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் ஏன் அவருடைய வலது பக்கம் நிற்பதில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காது கிண்ணென்று அடைத்துக்கொண்டது. வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை கை ஓங்கியவரிடம் நான் சொன்னேன்.

"இங்கன யாரும் யாரையும் அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் மாஸ்டரை அனுப்பினேன். நீங்க அடிச்சா அது உங்களுக்கும்தான் முதலாளி. இன்னொண்ணு விழுந்தா நான் போயிருதேன்."

ஓங்கின கை அப்படியே நின்றது. அவர் வேலைக்காரர்களைப் பார்த்தார். தரையில் சாய்ந்து கிடந்த, வாயில் துணி அமுக்கிய அந்தக் கிழவரைப் பார்த்தார். அடுக்களையில் மாஸ்டருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆள் யாரும் சொல்லாமலே அரிசியைக் களையத் தொடங்கியிருந்தார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று முதலாளி யாரிடமோ சொன்னார். பிறகு போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சீசன் முடியும்வரை சாம்பார் வாயில் வைக்க முடியாமல்தான் இருந்தது. வந்தவர்கள் திட்டினார்கள். பாதி ஜனம் எதிர்த்த ஹோட்டலுக்குப் போனது. முதலாளி அதற்கும் என்னை வைதார். கை மட்டும் ஓங்கவில்லை.

முதுகு வெந்த சப்ளையர் கார்த்திகையில் திரும்பி வந்தான். சட்டை உராய்ந்தால் எரியும் என்று எப்போதும் பழைய, மெல்லிய துணிதான் போடுவான். கெட்டிக்காரன். அடுத்த வருஷம் சாரல் தொடங்கியபோது கூடம் முழுவதையும் அவன் பொறுப்பில் விட்டேன். சப்ளையர்கள் எல்லோரும் அவன் சொல்படி நடந்தார்கள். நான்கூட ஏன் இவ்வளவு சீக்கிரம் கேட்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் உள்ளே வரும்போது, தண்ணீர் ஊற்றுகிற ஆளை அவன் சுவரோடு நிறுத்தி, மாறி மாறி அறைந்துகொண்டிருந்தான். அந்த ஆளின் மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

மாஸ்டரிடம் போவதற்கு முன்னால் எனக்கு இருந்த பயத்தைவிட இது மோசமாக இருந்தது. அவரை எனக்குப் பிடிக்காது. இவனை எனக்குப் பிடிக்கும். சாயங்காலம் மாடியில் பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"நீ அவனை அடிச்சதை நான் பாத்தேன். இனி இங்கன யார் மேலயும் கை வைக்கக் கூடாது. வச்சா அன்னைக்கே நீ போகணும்."

அவன் நம்பமுடியாமல் என்னைப் பார்த்தான். எழுந்து, பொத்தான்களைப் பிய்த்துச் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். முதுகு முழுக்கத் தழும்பு. வெந்து உலர்ந்த பாலாடை மாதிரிச் சுருங்கி, பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

"இதை வாங்கினவன் அண்ணாச்சி நான். என்கிட்டயா சொல்லுதீங்க?"

"ஆமா. உன்கிட்டயும்தான்."

"அடிச்சாத்தான் கேக்கான்."

"கேக்காட்டி என்கிட்ட சொல்லு. அடிக்காத."

அவன் பெஞ்சை உதைத்தான். அது கவிழ்ந்து என் முழங்காலில் இடித்தது. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான். நான் பெஞ்சை நிமிர்த்தி வைத்துவிட்டு, இனி வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கீழே போனபோது அவன் மேஜைகளில் இலை போட்டுக்கொண்டிருந்தான். சட்டைக்குப் பொத்தான் இல்லை, ஒரு சணல் கயிறால் முடிந்திருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவன் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே தம்ளர்களை வைத்துக்கொண்டு வந்தான். ஒரு மேஜையில் தம்ளரைத் தலைகீழாக வைத்துவிட்டான். சப்ளையர் நின்று அதைப் பார்த்தான். கை உயர்ந்தது. நான் படியிலேயே நின்றேன். அவன் தம்ளரை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனான்.